பாட்டி வெட்டிய மரமும் நான் குடித்த சீனித் தண்ணீரும்

போன ஆண்டு ஒரு காலை நிகழ்ச்சி. நேயர்கள் அழைத்துப் பேசும் நேரம். தலைப்பு சாதாரணமானதுதான்: "தாத்தா பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்தது என்ன?" ஒருவர் மூக்கு என்றார். ஓர் அக்கா கோபம் என்றார். இன்னொருவர் குரல் என்று சொல்லி, நான் கேட்காமலே பாடிக் காட்டினார். அதன் பிறகு லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் வந்தார்.

"எங்களுக்கு வந்தது இனிப்புநீர்தான் தங்கச்சி. தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு எல்லாருக்கும் இருந்திச்சி. நான் செக் பண்றதே இல்ல. குடும்ப வியாதி. வர்றது வந்துதானே ஆகும்?"

நான் சிரித்தேன். "ஆமாண்ணே, ரத்தத்துல இருந்தா என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன்.

அந்தப் பாட்டு முடியும்வரை எனக்கு நிம்மதி இல்லை. நேரலையில் உளறுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. ஆனால் அன்று நான் சொன்னது உளறல்கூட இல்லை, என் சொந்தச் சாக்கு. மகள் பிறந்து ஆறாவது வாரத்தில் நான் செய்துகொண்டிருக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைக்கான தாள், இரண்டரை ஆண்டுகளாக வீட்டு அலமாரியில் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே கிடந்தது.

57, 43, 31

நாங்கள் பத்து காஜாக்காரர்கள். ஊரைத் தெரியாதவர்களுக்கும் கெல்லி கோட்டை தெரிந்திருக்கும், பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவையாவது வந்திருப்பீர்கள். அந்த வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில்தான் பாட்டி பிறந்தார், 1944-ல், ஜப்பான்காரன் காலத்தில். அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. பதினான்கு வயதில் உளியைப் பிடித்தவர், 1996-ல் தோட்டம் கைமாறும்வரை விடவில்லை.

பாட்டியின் ஒரு நாளை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியும் முன்னே பெரட்டு. நெற்றியில் விளக்கு. நிரையில் நானூறு, ஐந்நூறு மரம். ஒவ்வொன்றிடமும் போய்க் குனிந்து நிமிர்ந்து வெட்ட வேண்டும். பிறகு அதே நிரையில் திரும்ப நடந்து மங்கிலிருந்து பாலை ஊற்றி எடுத்து, காண்டாவில் இரண்டு வாளியையும் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடை. வீட்டுக்கு வந்தால் மாடு, விறகு, காய்கறிக் கொல்லை. தோட்டத்துச் சாப்பாடெல்லாம் சத்துள்ளது என்று கதை கட்டத் தேவையில்லை. தட்டு நிறையச் சோறு, கருவாடு, டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. சீனி விஷயத்தில் பாட்டி என்னைவிடத் தாராளம்.

தோட்டம் போனபின் தாமான் வீடு. வெட்ட மரம் இல்லை, வளர்க்க மாடு இல்லை. ஆனால் சோறும் தேத்தண்ணியும் அதே அளவில் தொடர்ந்தன. 2001-ல் காலில் பட்ட சிறு புண் ஆறவில்லை. அப்போதுதான் சீனி இருப்பது தெரிந்தது. வயது 57. முதலில் இரண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. ஐந்நூறு மரத்தைச் சுற்றி வந்த கால் அது.

அம்மா மரம் வெட்டவில்லை. ஈப்போவுக்கு வேன் ஏறிப் போகும் தொழிற்சாலைத் தலைமுறை. 22 ஆண்டுகள் மாறி மாறி வரும் ஷிப்டு. இராத்திரி இரண்டு மணிக்கு கேண்டீனில் மீ கோரெங், தூக்கம் கலைய டின் பால் கோப்பி. 43 வயதில் அம்மாவுக்கு வந்தது.

எனக்கு 31. வயிற்றில் பிள்ளை, 26-வது வாரம். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்களே, அந்தச் சோதனை. இரண்டு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே இருக்க வேண்டியது, எனக்கு 9.1. கர்ப்பகால நீரிழிவு என்றார் தாதி.

57, 43, 31. பாட்டி காலத்தில் யாரும் நாற்பது வயதில் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னமே இருந்திருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லாம் இரத்தத்தில் இருப்பது என்றால், அந்த இரத்தம் பாட்டியிடமும் அதேதானே? மூன்று தலைமுறையில் ஒரு சமூகத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது வேறு ஏதோ.

எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல இது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31.4. மூன்று பேர் உட்கார்ந்து பசியாறும் மேசையில் ஏறக்குறைய ஒருவர்.

அண்ணியும் பாச்சை உருண்டையும்

மரபணு என்றாலே தலையெழுத்து என்று நினைக்கிறோம். சில நோய்களில் அது ஏறக்குறைய உண்மையும்கூட. தலசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா இருவரும் அந்தக் கூறைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நடந்தாலும் ஓடினாலும், கீரை தின்றாலும் அந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது ஜி6பிடி குறைபாடு. மலேசியாவில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரிந்த பெயர். பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். அண்ணன் மகனுக்கு அது உண்டு. ஒரே ஒரு மரபணுவில் கோளாறு. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். ஆனால் கோளாறு இருப்பதாலேயே பையன் படுத்துவிடவில்லை. பந்து உதைத்துக்கொண்டுதான் இருக்கிறான். பாச்சை உருண்டையின் நெடி, ஃபாவா அவரை, சில மருந்துகள் போன்றவை சேரும்போதுதான் இரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. மருத்துவமனையில் அட்டையைக் கொடுத்த அன்றே அண்ணி வீட்டுக்கு வந்து எல்லா அலமாரியையும் திறந்து உருண்டைகளைப் பொறுக்கி எடுத்தார். மாமியார் வீட்டுப் பீரோவையும் விடவில்லை. பட்டுச் சேலைக்கு வசம்பு வைத்தார். மரபணு அப்படியே இருக்கிறது, உருண்டைதான் இல்லை.

இந்தப் பாடத்தை எங்கள் குடும்பம் ஒரே நாளில் கற்றுக்கொண்டது. இனிப்புநீர் என்று வரும்போது மட்டும் அதே குடும்பம் "வம்சத்துல இருக்கு" என்று கையைக் கட்டிக்கொண்டது.

காரணம் புரிகிறது. ஜி6பிடி-யில் ஒரு மரபணு, ஓர் உருண்டை. இரண்டாம் வகை நீரிழிவில் அப்படி விரல் வைத்துக் காட்ட ஒன்று இல்லை. 2024-ல் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவைச் சேர்த்து நடந்த உலகளாவிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 611 இடங்களை நம் மரபணுத் தொகுப்பில் அடையாளம் காட்டியது. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவு ஏற்றுபவை. கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கும், தசை அதை எவ்வளவு மதிக்கும், கொழுப்பு இடுப்பில் தங்குமா வயிற்றில் தங்குமா என்று ஆளுக்கொரு மூலையில் வேலை செய்கின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் ஏறக்குறைய நூற்றுக்கு 40, இருவருக்கும் இருந்தால் 70 என்று மருத்துவ நூல்கள் சொல்லும். பெரிய எண்தான். ஆனால் பெற்றோர் பிள்ளைக்கு மரபணுவை மட்டுமா கொடுக்கிறார்கள்? அதே சட்டி, அதே சோற்றுக் கரண்டி, அதே சோபா.

இதைப் பாட்டிக்கு விளக்க வேண்டியிருந்தால் ரப்பர் மரத்தை வைத்தே விளக்கியிருப்பேன். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். ஒட்டுக்கட்டி வளர்க்கும் மரம். வேர்ப்பகுதி வேறு விதையிலிருந்து வந்தாலும், பால் தரும் மேல்பகுதி நிரை நிரையாக ஒரே மரத்தின் நகல். ஆனால் மேட்டு மரத்தின் பாலும் பள்ளத்து மரத்தின் பாலும் ஒன்றல்ல என்பதை வெட்டுக்காரர் எவரும் சொல்வார். சில ரகங்களுக்குப் பட்டை காய்ந்துபோகும் குணம் அதிகம். அந்த ரகத்தையும் அளவோடு வெட்டினால் தாங்கும். ஆசைப்பட்டு நாள் விடாமல் வெட்டினால் காயும். காய்ந்தது ரகத்தாலா, உளியாலா? இரண்டையும் பிரித்து எடை போட முடியாது.

மனிதர்களில் இதைக் காட்டும் தெளிவான உதாரணம் பீமா என்னும் செவ்விந்திய மக்கள். ஒரு பிரிவினர் அமெரிக்காவின் அரிசோனாவில் நவீன வாழ்க்கைக்குள் வந்துவிட்டார்கள். நெருங்கிய மரபு உறவுள்ள இன்னொரு பிரிவினர் மெக்சிகோ மலைப்பகுதியில் விவசாயத்தில் இருந்தார்கள். 2006-ல் வெளிவந்த ஒப்பீட்டில் அரிசோனா பீமாக்களில் 38 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மெக்சிகோ பீமாக்களில் 6.9. நம் பூர்வீக நாட்டிலும் இதே சாயல்தான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கிராமத்தில் 8.9, நகரத்தில் 16.4 என்கிறது.

ஒல்லி உடம்பு, உள்ளே கொழுப்பு

அப்படியானால் எல்லாம் வாழ்க்கைமுறைதான், மரபு ஒன்றுமில்லை என்று திரும்பிவிட முடியுமா? முடியாது. கேண்டீனில் அம்மாவோடு ஒரே மேசையில் ஒரே மீ கோரெங்கைச் சாப்பிட்ட எல்லா இனத்தவருக்கும் ஒரே அளவில் சீனி வரவில்லையே.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதில் முக்கியமான ஆள். அவரும் அவருடைய வெள்ளைக்கார நண்பர் ஜான் யூட்கினும் 2004-ல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. இருவரும் பார்க்க ஒல்லி. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம் வீட்டு மாமா சித்தப்பாக்களின் உடம்பு இதுதான்: கையும் காலும் குச்சி, தொப்பை மட்டும் தனியாக. "நான் ஒல்லிதானே" என்பது நமக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் இங்கே மருத்துவர்கள் எடையோடு இடுப்பையும் அளக்கிறார்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் எச்சரிக்கை.

இந்த உடம்பு நடுவயதில் வருவதும் அல்ல. யாஜ்னிக் குழுவினர் புனே கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5. நம் குழந்தைகள் சிறியவை, தசை குறைவு. ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லிக்குள் கொழுப்பு. இதில் மரபணு எவ்வளவு, தாயின் பசி எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களே இன்னும் வாதிடுகிறார்கள்.

தாயின் பசி என்றதும் எனக்கு 1944 நினைவுக்கு வருகிறது. பாட்டி மரவள்ளிக்கிழங்குக் காலத்தில் பிறந்த அதே ஆண்டின் கடைசியில், ஹாலந்தில் ஜெர்மானியர்களின் முற்றுகையால் கொடும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் வயிற்றிலிருந்த குழந்தைகளை ஐம்பது வயதளவில் ஆம்ஸ்டர்டாமில் பரிசோதித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் உடம்பு சீனியைச் சமாளிப்பதில் தடுமாறியது. வயிற்றுக்குள் பசியைக் கண்ட உடம்பு, இனி வாழ்நாள் முழுதும் பசிதான் என்று தன்னை அமைத்துக்கொள்கிறது. பிறகு வளமான வாழ்க்கை வந்தால் திணறுகிறது என்பது ஒரு விளக்கம். பாட்டிக்கு இதுதான் நடந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அம்மா 1964-ல் பிறந்தவர். அப்படியென்றால் நான் எந்த முட்டையிலிருந்து வந்தேனோ அது, பாட்டி வயிறும் பிள்ளையுமாக நிரையில் நடந்துகொண்டிருந்தபோதே அவருக்குள் இருந்திருக்கிறது. சூழல் என்று நாம் சொல்வது பிறந்த பிறகு தொடங்குவதில்லை. அம்மாவின் வயிறுதான் நம் முதல் ஊர்.

இதற்கும் ஓர் அழுத்தமான சான்று பீமா மக்களிடமே உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். தாய்க்கு நீரிழிவு வரும் முன் பிறந்தவர்களைவிட, வந்த பின் பிறந்தவர்களுக்கு நோய் அதிகம். தகப்பனுக்கு வந்த முன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. மரபணு மட்டும் காரணமாக இருந்தால், முன்னால் பிறந்தவருக்கும் பின்னால் பிறந்தவருக்கும் பங்கு ஒன்றுதானே?

எனக்கும் கணவருக்கும் இரண்டாவது பிள்ளை பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அலமாரியில் கிடந்த தாளின் கனம் அப்போதுதான் தெரிந்தது. கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் ஆபத்து, வராத பெண்ணைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிள்ளை பெற்றதும் சீனி இறங்கிவிடும், "சரியாப் போச்சு" என்று நாமும் மறந்துவிடுவோம். ஆறாவது வாரச் சோதனை அதற்காகத்தான். என்னை யாரும் தடுக்கவில்லை, மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பயம்தான் காரணம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

சென்னையில் 531 பேர்

போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு, மறுபடியும் அதே சீனித் தண்ணீர். வெறும் வயிற்றில் 5.6. இரண்டு மணி நேரத்தில் 8.7. நீரிழிவு என்று சொல்ல 11.1 வேண்டும்; நல்ல உடம்பு என்று சொல்ல 7.8-க்குக் கீழே வேண்டும். நான் நடுவில். "இன்னும் வரல, ஆனா வாசல்ல நிக்கிது" என்றார் மருத்துவர்.

இதே வாசலில் நின்றவர்களைப் பற்றிச் சென்னையில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, என்னைப் போல இரண்டு மணி நேர அளவு நடுவில் நின்ற 531 பேரைச் சேர்த்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவு மாற்றமும் தினமும் குறைந்தது அரை மணி நேர நடையும். ஏற்கெனவே உடலுழைப்புத் தொழிலில் இருந்தவர்களிடம் புதிதாக எதுவும் கேட்கவில்லை, செய்வதையே தொடருங்கள் என்றார்கள். (பாட்டியிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.) 2006-ல் முடிவு வந்தது. மூன்று ஆண்டில், அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்தவர்களில் 39.3. யாருடைய மரபணுவையும் யாரும் தொடவில்லை.

இந்த எண்ணை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். நூற்றுக்குப் பதினைந்து, பதினாறு பேர் தப்பினார்கள். சொன்னபடி நடந்தும் 39 பேருக்கு வந்தது. அதனால் சீனி வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டல" என்று சொல்லும் உறவினர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அம்மாவை அப்படிச் சொன்னார்கள். ஆறு பேர் குடும்பத்துக்கு ஷிப்டு அலவன்ஸுக்காக இரவு வேலையைக் கேட்டு வாங்கிய பெண் அவர். தூக்கமும் சாப்பாடும் நேரம் மாறும் ஷிப்டு வேலைக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தோட்டத்தைத் துண்டாடி விற்றவர்கள், அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு நடக்க ஓரமில்லாத சாலையையும் முற்றமில்லாத வீட்டையும்தான் மிச்சம் வைத்தார்கள். சூழல் என்று சொல்லும்போது சோற்றுக் கரண்டியை மட்டும் பார்த்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிடுவது நியாயமில்லை. அதே வீட்டில் அதே சோற்றைத் தின்று வளர்ந்த என் அண்ணனுக்கு அளவு 5.0 என்று வந்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவன் கம்பத்தில் ஏறி இறங்கும் வயர்மேன். அது வேலையாலா, அப்பாவிடமிருந்து நல்ல பங்கு அவனுக்கு வந்ததாலா? யார் பிரித்துச் சொல்வது.

இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான், அம்மா, மகள் மூவரும் தாமானை இரண்டு சுற்று வருகிறோம். மகள் ஒவ்வொரு வீட்டுப் பூனையிடமும் நின்று விசாரிப்பதால் அரை மணி நேரம் நாற்பது நிமிடமாகிவிடுகிறது. சோற்றை விடவில்லை, அளவைப் பாதியாக்கி, காயை ஏற்றினேன். ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை. இரண்டாவது பிள்ளை என்றால், அதற்கு முன்பே ஒன்று.

சில வாரம் கழித்து இந்தக் கதையை அதே காலை நிகழ்ச்சியில் சொன்னேன். அந்த லாரி அண்ணனிடம் அன்று தவறாகப் பேசிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டாரா தெரியாது, இன்னும் அழைக்கவில்லை. அழைத்தால், எந்த கிளினிக், எத்தனை மணிக்கு என்பது வரை கேட்டு வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

போன ஞாயிறு கடையில் நான் தே ஓ கோசோங் கேட்டபோது அம்மா என் கிளாஸை எட்டிப் பார்த்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை.

"உங்க பாட்டி இதப் பாத்தா, சம்பளம் போடாத மாசத்துத் தண்ணிடீன்னு சொல்லியிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு, தமக்கும் அதையே ஒன்று சொன்னார்.